ஊறுகாய் பாட்டில் வெச்சாச்சு... டார்ச் லைட் வெச்சாச்சா? ஹாஸ்டல் பிள்ளைகளுக்கான அவசரகால கைடு!

காலேஜ் அட்மிஷன் முடிந்த மாதங்களில் கிளாம்பாக்கம், மாட்டுத்தாவணி, காந்திபுரம் என எந்தப் பேருந்து நிலையத்தில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். புது டிராலி பை, கயிறு கட்டிய மெத்தை, பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் மக், மக்குக்குள் சோப்பு டப்பா. அப்பா பெரிய பையைத் தூக்க, அம்மாவின் கையில் தனியாக ஒரு கட்டைப்பை. அதில் எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, ஒரு டப்பா முறுக்கு.

ஹாஸ்டல் வாசலில் கிளம்பும்போது சொல்லும் வார்த்தைகளும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ``நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில வெளிய சுத்தாத. தினமும் போன் பண்ணு.''

மூன்றும் நல்ல அறிவுரைகள்தாம். ஆனால், இரவு 2 மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தோழிக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? வராந்தாவில் புகை சூழ்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? மூன்று நாள் மழையில் கரன்ட்டும் சிக்னலும் போய்விட்டால் யாருக்குத் தகவல் சொல்வது? இதற்கெல்லாம் அந்தக் கட்டைப்பையில் பதில் இல்லை.

வீட்டில் ஏதாவது ஒன்று என்றால் அப்பா ஓடி வருவார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார். தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணன் வழி சொல்வார். ஹாஸ்டலில், வார்டனோ ஆம்புலன்ஸோ வந்து சேரும் வரை 18 வயதுப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது இன்னொரு 18 வயதுப் பிள்ளைதான். அந்த முதல் பத்து நிமிடங்களுக்கு இரண்டு பேரும் தயாராக இருக்க வேண்டும். அதற்கான பாடம் இது.

மழை சொல்லிக்கொடுத்த பாடம்

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, பல பகுதிகளில் கரன்ட் போனது. சில மணி நேரத்தில் போன்களில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் இருந்தவர்களுக்கும் சிக்னல் கிடைக்கவில்லை. விமான நிலையமே சில நாட்கள் மூடிக்கிடந்தது. ரயில், பஸ் போக்குவரத்தும் பாதிக்கப்பட, `உடனே கிளம்பி ஊருக்கு வா' என்று சொல்லவும் வழியில்லாமல் போனது.

அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, கம்பிகள் அறுந்தன. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை. கார்டு தேய்க்கலாம் என்றால் மெஷினுக்குக் கரன்ட் இல்லை.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

இந்த எல்லாப் பேரிடர்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. வெளியிலிருந்து உதவி வரும். ஆனால், உடனே வராது. இரண்டு, மூன்று நாட்களைக் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். இன்றைய பிள்ளைகள் டீக்குக்கூட ஜி-பே செய்பவர்கள். நெட் இல்லாத நாளில் பர்ஸில் பத்து ரூபாய்கூட இல்லாத நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன பை... கதவுக்குப் பக்கத்தில்!

பழைய காலேஜ் பை ஒன்று போதும். அலமாரிக்கு உள்ளே, துணிகளுக்கு அடியில் வைக்காதீர்கள். இருட்டில் கை நீட்டினால் எடுக்கும்படி, கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

* டார்ச் லைட் (மெழுகுவத்தி வேண்டாம், மெத்தையும் கொசுவலையும் இருக்கும் அறையில் அதுவே ஆபத்து)

* சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கேபிள்

* 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்

* பிஸ்கட், கடலை மிட்டாய், பொட்டுக்கடலை என அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவை

* 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக 500 ரூபாய்

* ஆதார், காலேஜ் ஐ.டி, இன்ஷூரன்ஸ் அட்டை ஆகியவற்றின் ஜெராக்ஸ், தண்ணீர் புகாத ஜிப் கவரில்

* ஓ.ஆர்.எஸ் பாக்கெட், பாராசிட்டமால், பேண்ட் எய்டு, பஞ்சு

* தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒரு வாரத்துக்கானது, அதன் மருந்துச்சீட்டு

* கண்ணாடி போடுபவர்களுக்குப் பழைய கண்ணாடி ஒன்று

* சானிட்டரி நாப்கின், ஒரு செட் மாற்றுடை

* ஒரு விசில். சிக்கிக்கொண்டால் கத்தித் தொண்டை வறண்டுபோகும். விசில் சத்தம் தூரம் போகும்.

இதோடு ஒரு காகிதத்தில் ஐந்து போன் நம்பர்களை எழுதி வையுங்கள். `போன்லதான் இருக்கே' என்று சொல்வீர்கள். அந்த போன் அணைந்துவிட்டால், அடுத்தவர் போனிலிருந்து அம்மாவின் நம்பரை மனப்பாடமாக டயல் செய்ய முடியுமா? இந்த வரியைப் படிக்கும் இடத்திலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

மழை நாட்களில் இன்னொரு விஷயம். தரைத்தளத்தில் அறை இருந்தால் லேப்டாப், சர்டிஃபிகேட், புத்தகங்களை மேலே ஏற்றிவிட்டு மாடியில் இருக்கும் நண்பர்களின் அறைக்குப் போய்விடுங்கள். `முழங்கால் தண்ணிதானே' என்று இரவில் வெளியே நடக்காதீர்கள். திறந்த சாக்கடைக்குழியும் அறுந்த மின்கம்பியும் கலங்கல் தண்ணீருக்கு அடியில் தெரியாது. வேறு வழியே இல்லாமல் வெள்ளநீரில் நடந்திருந்தால், அடுத்த இரண்டு, மூன்று வாரங்களில் காய்ச்சல் வரும்போது அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அதனால், டாக்டரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கேட் சாவி யாரிடம்?

2024 செப்டம்பர் 12-ம் தேதி அதிகாலை, மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. ஊரே தூங்கும் நேரம். புகையில் மூச்சுத்திணறி இரண்டு பெண்கள் உயிரிழந்தனர்.

தீ விபத்தில் பெரும்பாலும் நெருப்பு வருவதற்கு முன்பே புகை வந்துவிடும். தூக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. எழுந்த பிறகும் எந்தப் பக்கம் கதவு என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால், புது ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்யுங்கள். அறைக்கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை அறைக்கதவுகள் என்று எண்ணுங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது, அது பூட்டியிருக்கிறதா, பழைய கட்டில் போட்டு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெண்கள் ஹாஸ்டல்களில் இரவு 8, 9 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் இரும்பு கிரில். பாதுகாப்புக்காகச் செய்வதுதான். ஆனால், தீப்பிடித்தால் அதே பூட்டு எமன் ஆகிவிடும். `ராத்திரியில சாவி யார்கிட்ட இருக்கும்? அவங்க எங்க தூங்குவாங்க? இன்னொரு சாவி இருக்கா?' இந்த மூன்று கேள்விகளையும் வார்டனிடம் கேளுங்கள். பிள்ளைகள் கேட்கத் தயங்கினால், சேர்க்கும் நாளில் பெற்றோர் கேளுங்கள். மெஸ்ஸில் என்ன டிபன் என்று விசாரிக்கிறோமே, அதைவிட முக்கியமான கேள்வி இது.

தீ என்று தெரிந்தால்:

* கத்தி எல்லோரையும் எழுப்புங்கள். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள்.

* புகை இருந்தால் தரையோடு தவழ்ந்து போங்கள். தரைக்கு அருகில்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும்.

* லிஃப்ட் வேண்டவே வேண்டாம். போன், லேப்டாப் எடுக்க உள்ளே திரும்பாதீர்கள்.

* வெளியேற முடியாவிட்டால் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டை அடைத்து, ஜன்னல் அருகே நின்று டார்ச்சும் விசிலும் கொண்டு ஆட்களை அழையுங்கள்.

* உடையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். அப்படியே தரையில் படுத்து உருளுங்கள்.

இன்னொரு ரகசியத்தையும் பேசிவிடுவோம். வார்டனுக்குத் தெரியாமல் மேகிக்கு ஒரு கெட்டில், குளிக்க ஒரு ஹீட்டர் ராடு இல்லாத ஹாஸ்டல் அபூர்வம். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதையும் இதையும் சேர்த்துச் செருகுவதில்தான் வயர் சூடேறுகிறது. ராடு போட்ட வாளியில், சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றாமல் கைவிட்டுச் சூடு பார்க்காதீர்கள். மின்சாரத்தால் பிடித்த தீயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். முடிந்தால் மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் வெளியேறுங்கள்.

``யார்கிட்டயும் சொல்லாத!''

ஹாஸ்டலில் விடும்போது சில அம்மாக்கள் நான்காவதாக ஓர் அறிவுரையையும் சொல்வதுண்டு. மகளைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி. ``உனக்கு ஃபிட்ஸ் வரும்னு யார்கிட்டயும் சொல்லாதடி. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பேச்சு வரும்.''

அம்மாவின் பயம் புரியாமல் இல்லை. கல்யாணம், சொந்தக்காரர்கள் வாய் என்று எல்லாம் யோசித்துத்தான் சொல்கிறார். ஆனால், அந்த ரகசியத்தால் நடப்பது என்ன? மாத்திரையை பாத்ரூமுக்குள் போய் ஒளித்துச் சாப்பிடும் பெண், யாராவது அங்கே நின்றால் அன்று சாப்பிடாமல் விட்டுவிடுவாள். மாத்திரையைத் தவறவிடுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். பரீட்சை நேரத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஓர் இரவு வலிப்பு வரும்போது, ரூம்மேட் பயந்து அலறுவாள். யாரோ ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். இன்னொருவர் வாயில் ஸ்பூனைச் செருகுவார். மற்றொருவர் தண்ணீரை ஊற்றுவார். மூன்றுமே தவறு. வாயில் எதையாவது வைத்தால் பல் உடையலாம், மூச்சுக்குழாய் அடைபடலாம். இரும்புக்கும் வலிப்பு நிற்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால், பெயர் சாவிக்குப் போய்விட்டது.

ரூம்மேட்டுக்கு முன்பே தெரிந்திருந்தால், அவள் செய்ய வேண்டியது மிகவும் எளிது. சுற்றியுள்ள நாற்காலி, கண்ணாடிப் பொருட்களை நகர்த்த வேண்டும். தலைக்கு அடியில் தலையணையோ மடித்த துண்டோ வைக்க வேண்டும். அசைவைப் பிடித்து அமுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, முதன்முறையாக வந்திருந்தாலோ 108-க்கு போன் செய்ய வேண்டும். முழு நினைவு வரும் வரை வாய்வழியாக எதுவும் தரக் கூடாது.

வலிப்புக்கு மட்டுமல்ல. ஆஸ்துமா இருக்கும் பையன் இன்ஹேலரை எங்கே வைத்திருக்கிறான் என்று ரூம்மேட்டுக்குத் தெரிய வேண்டும். மூச்சுத்திணறும்போது படுக்கவைக்காமல் நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். இன்சுலின் போடும் பெண், திடீரென்று வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்கலாம். நினைவு இல்லையென்றால் வாயில் ஊற்றாமல் உடனே 108.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ரூம்மேட், நெருங்கிய நண்பர் ஒருவர், வார்டன் என மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும். ``எனக்கு இது இருக்கு. வந்தா நீ இதை மட்டும் செய்.'' இரண்டு வாக்கியங்கள்தான். அதைச் சொல்லப் பிள்ளைக்கு அனுமதி கொடுக்க வேண்டியது வீடு. ஊர் பேசுமே என்ற பயம் பெரிதா, பிள்ளை பெரிதா?

எந்த நோயும் இல்லாதவர்களும் ரத்த வகை, அலர்ஜி, வீட்டு நம்பர் ஆகியவற்றை போனின் அவசரத் தகவல் பகுதியில் பதிந்து வையுங்கள். லாக் ஆன போனிலிருந்தும் மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும்.

கைவைத்தியம் வேண்டாமே!

தீக்காயம்: கொதிக்கும் கெட்டில் கவிழ்ந்தால் பேஸ்ட், மாவு, இங்க் தடவாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீக்கம் வரும் முன் கழற்றுங்கள்.

பாம்புக்கடி: மரங்கள் அடர்ந்த கேம்பஸில் இரவு நடக்கும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பாம்பை அடிக்கத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், பதற்றப்படுத்தாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

மயங்கி விழுந்தவர்: தட்டி அழைத்தும் எழவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். காலேஜில் என்.எஸ்.எஸ்., யூத் ரெட் கிராஸ் நடத்தும் முதலுதவிப் பயிற்சி இருந்தால் தவறவிடாதீர்கள்.

பைக் விபத்து: `தூக்கிட்டுப்போனா போலீஸ் கேஸ் ஆகும்' என்று தயங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தமிழக அரசின் `இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

உடைக்க வேண்டிய சத்தியம்

ஹாஸ்டலில் நடக்கும் எல்லா அவசரமும் ரத்தமாகவோ புகையாகவோ தெரியாது. அரியர் விழுந்த நண்பன், சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு, `நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி' என்று ஒருநாள் சொல்லலாம். ``யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு'' என்றும் கேட்கலாம்.

இந்த ஒரு சத்தியத்தை உடைக்கலாம், உடைக்க வேண்டும். அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேளுங்கள். தனியாக விடாதீர்கள். அன்றே நம்பிக்கையான ஆசிரியர், வார்டன் அல்லது அவன் வீட்டுக்குச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். நண்பன் ஒரு மாதம் கோபித்துக்கொள்ளலாம். பரவாயில்லை, கோபித்துக்கொள்ள அவன் இருப்பான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

டி.வி-யில் `சென்னையில் கனமழை' என்று ஓடியதும் அம்மா, அப்பா, தாத்தா, சித்தி, மாமா என்று ஆளுக்கு ஐந்து முறை போன் அடிப்பது பாசம்தான். ஆனால், கரன்ட் இல்லாத ஹாஸ்டலில் பிள்ளையின் பேட்டரி அதிலேயே தீர்ந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொடர்பாளர் போதும். மழை பெய்யும் ஊரில் இல்லாத ஒருவராக, உதாரணமாகத் திருச்சியில் இருக்கும் பெரியம்மாவாக அவர் இருக்கட்டும். பிள்ளை அவருக்கு மட்டும் காலை, மாலை இரு வேளை மெசேஜ் அனுப்பும். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நெட்வொர்க் திணறும்போது போன்கால் போகாவிட்டாலும் எஸ்.எம்.எஸ் போக வாய்ப்பு அதிகம். `நலம். ஹாஸ்டல் 2-வது மாடி. சாப்பாடு இருக்கு. நாளை காலை 8 மணிக்கு மெசேஜ்' என்று அனுப்பினால் போதும். சொன்ன நேரத்துக்கு முன் வீட்டில் பதற வேண்டியதில்லை.

அதேபோல, `எப்படியாவது கிளம்பி வந்துடு' என்று அவசரப்படுத்தாதீர்கள். பல நேரங்களில் தண்ணீர் ஓடும் சாலையைவிட மாடி அறை பாதுகாப்பானது.

போனில் சேமிக்க... காகிதத்திலும் எழுத!

112 - எல்லா அவசரத்துக்கும் (உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவன சிக்னல் இருந்தால் போக வாய்ப்புண்டு)

108 - ஆம்புலன்ஸ்

101 - தீயணைப்பு

1070 - மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை

1077 - மாவட்டக் கட்டுப்பாட்டு அறை (வெளியூரிலிருந்து அழைத்தால் அந்த மாவட்ட எஸ்.டி.டி கோடு சேர்க்கவும்)

181 - பெண்கள் உதவி எண்

14416 - டெலி மானஸ் மனநல உதவி

1800-180-5522 - ராகிங் புகார்

1930 - ஆன்லைன் பண மோசடி

இதோடு வார்டன், ஹாஸ்டல் செக்யூரிட்டி, கேம்பஸ் மருத்துவமனை, அருகில் உள்ள அரசு மருத்துவமனை எண்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

துணி துவைத்துக் காயப்போட்டதும் ரூம்மேட்டை அழைத்துக்கொண்டு நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள். இரண்டு படிக்கட்டுகளிலும் ஒருமுறை இறங்கி ஏறுங்கள். பையைக் கட்டிக் கதவோரம் மாட்டுங்கள். ஒருவருக்கொருவர் வீட்டு நம்பரை எழுதிக்கொடுங்கள். கடைசியாக, கட்டிலில் உட்கார்ந்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ``உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நான் முதல்ல என்ன செய்யணும்?''

இதைப் படிக்கும் பெற்றோர், லிங்க்கை பிள்ளைக்கு அனுப்பிவிட்டு இரவு போனில் பேசும்போது, `சாப்பிட்டியா'வுக்கு அடுத்ததாக, `கேட் சாவி யார்கிட்ட இருக்கு?' என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.